பத்து போர்ட் ஏஆர்ஜிபி ஹப்: டெல்டா கரண்டுக்குத் தாங்குமா?

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ கண்ணாடிக் கதவு வைத்த கம்ப்யூட்டர் கேபினட் வாங்கினால், பல நேரம் கூடவே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் வந்துவிடும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. பத்து ஃபேன் சொருக இடம், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போகும் சாட்டா பவர் வயர் ஒன்று, மதர்போர்டுக்குப் போகும் 3 பின் வயர் ஒன்று, ஒரு ரிமோட். தனியாக வாங்கினாலும் சில நூறு ரூபாய்தான். பிராண்டு என்று ஒன்று இருந்தால் அது ஸ்டிக்கரில் மட்டும் இருக்கும். இந்த விமர்சனம் அந்தப் பெட்டியைப் பற்றியது. ஏஆர்ஜிபி ஹப் என்பது இதுதான், நிறம் மாறும் எல்ஈடி வைத்த ஃபேன்களை ஒரே இடத்தில் இணைப்பது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐந்து ஃபேனுக்கு மேல் லைட் இருந்தால் வாங்கலாம். அதற்குக் குறைவு என்றால் வேண்டாம், மதர்போர்டில் இருக்கும் ஹெட்டரும் (வயர் சொருகும் பின் வரிசை), ஒன்றைப் பலவாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் வயரும் போதும். வாங்குவதாக இருந்தால் பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், அதிலிருந்து வெளியே வரும் வயரைப் பார்த்து வாங்குங்கள். லைட் மினுக்குது, வெள்ளை மஞ்சளாகத் தெரியுது, பாதி ஃபேன் இருட்டாக இருக்கு என்று வரும் புகார்களைத் தோண்டினால் எல்ஈடி பழுது அபூர்வம். 5 வோல்ட் முழுசாகப் போய்ச் சேராததுதான் காரணமாக இருக்கும். இந்த ஹப் அந்தக் குறையைத் தீர்க்கவும் செய்யும், புதிதாக உண்டாக்கவும் செய்யும்.

கணக்கைப் பார்ப்போம். மதர்போர்டில் இருக்கும் 3 பின் 5 வோல்ட் ஹெட்டர் ஒன்று, பெரும்பாலான போர்டுகளில் 3 ஆம்பியர் வரைதான் கொடுக்கும், அதாவது 15 வாட். ஃபேனுக்குள் இருப்பது டபிள்யூஎஸ்2812 வகை எல்ஈடி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் பழைய வகையில் ஒரு எல்ஈடி 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், புதியவை இதைவிடக் குறைவு. ஃபேன் ஸ்டிக்கரில் 5 வோல்ட் 0.4 ஆம்பியர் என்று போட்டிருந்தால் ஆறு ஃபேனுக்கு 2.4 ஆம்பியர். கூலர் தலையில் ஒரு லைட் வளையம், கேபினட் ஓரத்தில் ஒரு ஸ்ட்ரிப் என்று சேர்த்தால் 3-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் உடனே எரிந்து போகும் என்றில்லை. தானே மீளும் ஃபியூஸ் உள்ள போர்டுகளில் அது சூடேறி லைட்டை அணைத்துவிடும், ஆறியதும் திரும்ப எரியும். பத்து நிமிஷம் எரிந்து பத்து நிமிஷம் அணைகிறது என்று புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

ஹப் இந்தச் சுமையை மதர்போர்டிலிருந்து எடுத்து எஸ்எம்பிஎஸ் மேல் போடுகிறது. சாட்டா பவர் கனெக்டரில் 15 பின். 3.3, 5, 12 வோல்ட் ஒவ்வொன்றுக்கும் மூன்று பின், பின் ஒன்றுக்கு 1.5 ஆம்பியர். ஆக 5 வோல்ட்டுக்கு 4.5 ஆம்பியர், 12 வோல்ட்டுக்கும் 4.5. பத்து ஃபேன் மோட்டார் சுற்ற 12 வோல்ட்டில் 2 முதல் 3 ஆம்பியர் போகும், அது பிரச்சினை இல்லை. 5 வோல்ட் பக்கம்தான் இறுக்கம். பத்து ஃபேனும் 0.4 என்றால் 4 ஆம்பியர், கூலர் லைட்டையும் இதிலேயே சேர்த்தால் எல்லைக்கோட்டில் வந்து நிற்கும். "பத்து போர்ட்" என்பது சொருகு இடத்தின் எண்ணிக்கை. பத்திலும் முழு வெள்ளை எரியும் என்று அதற்குப் பொருள் இல்லை. எட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி வயர். சந்தையில் கிடைப்பதில் நல்லது கெட்டது பிரிவது இங்கேதான். வயர் மேல் உறையைக் கூர்ந்து பார்த்தால் கேஜ் எண் அச்சடித்திருக்கும். எண் கூடினால் வயர் மெலிசு. 26 கேஜ் செம்புக்கு மீட்டருக்கு 0.134 ஓம் தடை. சாட்டாவிலிருந்து ஹப் வரை 40 சென்டிமீட்டர் என்றால் போக வர 80. தடை 0.107 ஓம். 4 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே 0.43 வோல்ட் தொலைந்துவிடும். 18 கேஜ் போட்டிருந்தால் அதே தூரத்துக்கு இழப்பு 0.07 வோல்ட்தான். இன்னொன்று, கறுப்பு வயர் ஒன்றே ஒன்று இருக்கும் ஹப்பில் 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டின் திரும்பும் கரண்டும் அந்த ஒற்றை வயரில்தான் வர வேண்டும், இழப்பு அதற்கேற்பக் கூடும். சிவப்பு (5 வோல்ட்) ஒன்று, மஞ்சள் (12 வோல்ட்) ஒன்று, கறுப்பு இரண்டு இருந்தால் எடுங்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஒன்றொன்று மட்டும் இருந்தால் கடைக்காரரிடம் வேறு கேளுங்கள்.

இந்த இழப்பைக் கண்ணாலேயே பிடிக்கலாம், அதற்கு மீட்டர்கூட வேண்டாம். ரிமோட்டில் வெள்ளை நிறம், முழு வெளிச்சம் வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு ஹப்பில் முதல் போர்ட்டில் இருக்கும் ஃபேனையும் கடைசியில் இருப்பதையும் மாறி மாறிப் பாருங்கள். சிவப்பு எல்ஈடி எரிய 2 வோல்ட் போதும், நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அழுத்தம் இறங்கும்போது நீலம்தான் முதலில் சோர்ந்து போகும். அதனால் எல்லா ஃபேனிலும், முக்கியமாகக் கடைசியில், வெள்ளை லேசாக மஞ்சளடித்து, இன்னும் இறங்கினால் செங்கல் நிறத்துக்கு வரும். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்ததும் வெள்ளை திரும்ப வெள்ளையாகிவிட்டால் எல்ஈடியில் குறை இல்லை, வயரில்தான். குறைத்தும் அந்த ஒரு ஃபேன் மட்டும் மஞ்சளாகவே இருந்தால் அந்த ஃபேன்தான் மட்டம்.

மீட்டர் வைத்துப் பார்க்க விரும்பினால்: மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். முழு வெள்ளையில் எல்லாம் எரியும்போதுதான் அளக்க வேண்டும், அணைந்திருக்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மோலெக்ஸ் (பெரிய 4 பின்) சொருகியில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வரை, மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வரை இருக்க வேண்டும். அங்கே 5.0 காட்டி, கடைசி ஃபேன் முனையில் 4.5-க்குக் கீழே போனால் ஹப் வயரை மாற்றுங்கள். மோலெக்ஸிலேயே 4.7 என்றால் ஹப்பைத் திட்டிப் பயனில்லை, எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அறிகுறியை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம். ஃபேன் சுற்றுகிறது, லைட் இல்லை என்றால் 12 வோல்ட் வருகிறது, 5 வோல்ட் வரவில்லை. சாட்டா சொருகி முழுசாக உட்காரவில்லை, அல்லது சிவப்பு வயர் கழன்றிருக்கிறது. லைட் எரிகிறது, ஃபேன் சுற்றவில்லை என்றால் நேர் எதிர், மஞ்சள் வயரைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் சாட்டா வயரே செத்திருக்கும், வேறொரு சாட்டா முனையில் சொருகிப் பாருங்கள். ஒரு ஃபேனின் வளையத்தில் பாதி மட்டும் எரிந்து மீதி இருட்டு என்றால் அது மின்சாரக் குறை கிடையாது. ஒவ்வொரு எல்ஈடியும் தனக்குரிய 24 பிட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளும். நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் இருட்டுதான். இந்த விஷயத்தில் ஹப்பைப் பாராட்டலாம். ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்கும் ஃபேன்களில் ஒன்று போனால் அதற்கடுத்த ஃபேன்களும் போகும். ஹப்பில் எல்லா போர்ட்டுக்கும் ஒரே சிக்னல் பிரிந்து போவதால் ஒன்றின் பழுது மற்றதைத் தொடாது.

எல்லா ஃபேனும் சேர்ந்து கண்டபடி நிறம் மாறி மினுக்கினால் மதர்போர்டுக்குப் போகும் 3 பின் வயரைச் சந்தேகப்படுங்கள். அதில் கிரவுண்ட் பின் தளர்ந்தால் இந்தக் கூத்துதான் நடக்கும். சாட்டாவைச் சொருகாமல் 3 பின் வயரை மட்டும் மாட்டினாலும் சில ஹப்களில் லைட் மங்கலாக எரியும். சிக்னல் வயர் வழியே கசிந்து வரும் கரண்ட் அது. "எரியுதே, அப்போ சாட்டா எதுக்கு" என்று விட்டுவிட வேண்டாம், மதர்போர்டின் சிக்னல் சிப்பை வதைக்கிறீர்கள்.

இந்த ஹப்களில் வெளியே தெரியாத ஒரு கோளாறு உண்டு. மதர்போர்டிலிருந்து ஹப்புக்கு சிக்னலும் கிரவுண்டும் மட்டும் போனால் போதும். 5 வோல்ட் வயர் அங்கே தேவையில்லை, அது சாட்டாவிலிருந்து வருகிறது. ஒழுங்கான ஹப்பில் அந்த 3 பின் வயரில் 5 வோல்ட் இடம் காலியாகவோ, உள்ளே இணைக்கப்படாமலோ இருக்கும். மட்டமானதில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஈயம் வைத்துவிடுகிறார்கள். விளைவு, கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் ஃபேன்கள் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் அணைந்தாலும் மதர்போர்டு ஹெட்டரில் நிற்கும் காத்திருப்பு 5 வோல்ட் ஹப் வழியாக எஸ்எம்பிஎஸ்ஸின் பிரதான 5 வோல்ட் பாதைக்குள்ளேயே பின்வாசல் வழியாக நுழையப் பார்க்கும். சோதிப்பது சுலபம். ஹப்பை எல்லாவற்றிலிருந்தும் கழற்றுங்கள். மீட்டரைப் பீப் ஒலி வரும் நிலையில் வைத்து, ஒரு முனையை 3 பின் வயரின் 5 வோல்ட் துளையிலும் மறு முனையை சாட்டாவின் 7, 8, 9 பின்களிலும் வையுங்கள். பீப் வந்தால் இரண்டும் சேர்ந்திருக்கிறது. அந்த ஹப்பைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது 3 பின் வயரில் 5 வோல்ட் கம்பியை மட்டும் வெட்டி முனைக்கு டேப் சுற்றிவிட்டுப் பயன்படுத்தலாம்.

ஹப் சரியாக இருந்தும் அணைத்தபின் லைட் எரிந்தால் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) ஈஆர்பி என்ற, அணைந்த நிலையில் கரண்டை மிச்சப்படுத்தும் அமைப்பை ஆன் செய்ய வேண்டும். ஏசஸ் போர்டில் அட்வான்ஸ்டு, ஏபிஎம் கான்ஃபிகரேஷன் உள்ளே இருக்கும். எம்எஸ்ஐயில் பவர் மேனேஜ்மென்ட் உள்ளே. ஆன் செய்தால் அணைந்த நிலையில் யூஎஸ்பியில் போன் சார்ஜ் ஏறாது, கீபோர்டிலோ நெட்வொர்க் வழியாகவோ கம்ப்யூட்டரை எழுப்பவும் முடியாது.

சொருகும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. மதர்போர்டில் லைட்டுக்கான 4 பின் ஹெட்டர் 12 வோல்ட், 3 பின் ஹெட்டர் 5 வோல்ட். 3 பின் சொருகியை நெருக்கி 4 பின்னில் ஏற்றினால் அந்தக் கணமே எல்ஈடி வரிசை போய்விடும், எந்த வாரண்டியும் ஏற்காது. 3 பின்னில் நாலாவது இடம் ஒன்று காலியாக இருக்கும், அது வழிகாட்டி. எளிதில் இறங்காவிட்டால் அழுத்தாதீர்கள்.

இனி நம்ம ஊர்க் கரண்ட். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் குறுவை நாற்றங்காலுக்கு போர் மோட்டார் ஓடியே தீரும். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் வீடும் மோட்டாரும் இருக்கும் ஊர்களில் வீட்டு பல்பு ஒருமுறை சோர்ந்து எழும், தெரியும்தானே. நல்ல எஸ்எம்பிஎஸ் 16 மில்லி செகண்ட் அளவுக்கு இந்தச் சோர்வைத் தாங்கும். 100 முதல் 240 வோல்ட் என்று லேபிளில் போட்ட வகைக்கு லோ வோல்டேஜ் பெரிய விஷயமே இல்லை. பின்புறம் சிவப்பு ஸ்விட்ச் வைத்த விலை குறைந்த வகை 200-க்குக் கீழே இறங்கினாலே தடுமாறும். அந்த ஸ்விட்ச் தவறிப்போய் 115-ல் நிற்கும்போது 230 வோல்ட் ஏறினால் வெடிச்சத்தம் நிச்சயம்.

வோல்டேஜ் இறங்கி எழும்போது கம்ப்யூட்டர் அணையாமல் ஹப்பில் இருக்கும் சிப் மட்டும் குழம்பிப்போவது உண்டு. எல்லா ஃபேனும் ஒரே நிறத்தில் உறைந்து நிற்கும், ரிமோட்டுக்கும் அசையாது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகாது, ரீஸ்டார்ட்டில் 5 வோல்ட் நிற்பதே இல்லை. ஷட்டவுன் செய்து, சுவர் ஸ்விட்ச்சை அணைத்து, கேபினட் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, அரை நிமிஷம் விட்டுப் போடுங்கள். இதற்குப் பயந்து ரிலே வைத்த ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டுகிறார்கள். ரிலே மாறும் இடைவெளியே ஒரு மினுக்கலை உண்டாக்கும், அதற்கு லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ் (வோல்டேஜைத் தானே சரிசெய்யும் பேட்டரி பெட்டி) எவ்வளவோ மேல். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால் ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் சில சமயம் மாறும் நொடியிலேயே அணைந்துவிடும். ஈபி ஷட்டவுன் நாளில் இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் லைட்டை முழுக்க அணைத்துவிடுவது பேட்டரிக்கும் நல்லது. கரண்ட் போய் வந்ததும் நீங்கள் வைத்த நிறத்தை மறந்துவிட்டு வானவில்லுக்கே திரும்பும் ஹப்களும் உண்டு. வாங்கும்போது கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிச் சொருகிப் பாருங்கள்.

எர்த் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய ஓட்டு வீட்டில் மூன்று பின் பாயிண்ட் இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் வயர் இருக்காது. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அப்போது கேபினட் தகட்டைச் சுமார் 115 வோல்ட்டில் மிதக்க விடும். கரண்ட் மிகக் குறைவு, ஆனால் டெஸ்டரை வைத்தால் மினுங்கும், விரல் பட்டால் சுருக்கென்று இருக்கும். இந்த நிலையில் மானிட்டர், டிவி என்று வேறு எதையாவது சொருகும்போது பாயும் கரண்ட் ஹப் சிப்பையும் யூஎஸ்பியையும் கொல்லக்கூடும். ஹப் மாற்றி மாற்றிப் பயனில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழி போடுங்கள்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று. பித்தளைப் பின்களில் பச்சை பூத்திருக்கும், தடை ஏறும், அந்த இடம் சூடாகும். வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், எல்லாச் சொருகியையும் கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடித்துத் திரும்ப மாட்டுங்கள். நெல் மூட்டை வைத்த வீடுகளில் எலி கேபினட் பின்பக்க இடைவெளி வழியாக நுழைந்து கடிப்பது இந்த மெல்லிய லைட் வயரைத்தான். காலியான ஸ்லாட்டுகளுக்கு மூடி போடுங்கள். சம்பா பருவத்தில் பச்சைத் தத்துப்பூச்சி லைட்டைத் தேடி வரும், முன்பக்க வலையில் பச்சைப் பொடியாக அப்பிக்கொள்ளும். அந்த வாரங்களில் முன் ஃபேன் லைட்டை அணைத்துவிட்டால் பாதி தொல்லை குறையும்.

கூலர் விஷயத்தில் ஹப்புக்கு மதிப்பெண் கம்மி. தண்ணீர்க் கூலரின் பம்ப் வயரை இதில் சொருகாதீர்கள். ரிமோட்டில் வேகம் குறைத்தால் பம்பும் குறைந்துவிடும், பெரும்பாலான ஹப்கள் ஒரே ஒரு போர்ட்டின் சுற்று எண்ணை மட்டும்தான் மதர்போர்டுக்குச் சொல்லும், பம்ப் நின்றாலும் உங்களுக்குத் தெரியாது. பம்ப் மதர்போர்டின் பம்ப் ஹெட்டரில், கூலர் ஃபேன் சிபியூ ஃபேன் ஹெட்டரில், கூலர் லைட் மட்டும் ஹப்பில். 6 பின் சொருகி வைத்த ஃபேன்களோடு வரும் ஹப்பென்றால் அந்த ஃபேன் வேறு எந்த ஹப்பிலும் பொருந்துவது சந்தேகம். ஹப் போனால் ஃபேன்களும் கூடவே போன மாதிரிதான். அந்த வகையை வாங்க வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் வந்தால் தனியாகச் சோதிக்கலாம். மதர்போர்டிலிருந்து 24 பின் கனெக்டரைக் கழற்றி, சுவர் ஸ்விட்ச்சைப் போட்டு, 9-ஆம் பின் ஊதா வயரில் 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். அது இல்லையென்றால் மேற்கொண்டு போக வேண்டாம். இருந்தால் அணைத்துவிட்டு 16-ஆம் பின் பச்சையையும் பக்கத்து 17 கறுப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, ஹப்பையும் இரண்டு ஃபேனையும் சாட்டாவில் மாட்டி ஆன் செய்யுங்கள். ஹப் இப்போது ஒழுங்காக எரிந்து, மதர்போர்டோடு சேர்ந்தால் மட்டும் மினுக்கினால் பழி 3 பின் வயருக்கோ மென்பொருளுக்கோதான். மென்பொருள் விஷயத்தில் ஒன்றுதான். ஏசஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் என்று ஒவ்வொருவர் மென்பொருளும் சேர்ந்து ஓடினால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஒன்றை மட்டும் வையுங்கள்.

வயர் எட்டவில்லை என்று மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் துண்டு வாங்குபவர்கள், பின்பக்கம் ஒரே பிளாஸ்டிக் கட்டியாக வார்த்த வகையைத் தொடாதீர்கள். உள்ளே கம்பிகள் நெருங்கி ஒட்டி உருகித் தீப்பிடித்த வகை அது. வயர்கள் தனித்தனியாகக் கடித்துப் பிடித்திருப்பது தெரியும் வகையை எடுங்கள். பழைய மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா வயரைப் புதியதில் மாட்டுவதும் அதே அளவு ஆபத்து. சொருகி பொருந்தும், எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, 5 இருக்க வேண்டிய இடத்தில் 12 வந்து ஹப்போடு ஹார்டு டிஸ்க்கும் போகும்.

வயர் தடிமனாக, மதர்போர்டின் 5 வோல்ட்டோடு சேராததாக, 3 பின் ஃபேன்களுக்கானதாக இருந்தால் இந்த விலைக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் கொடுக்கலாம். ஒற்றைக் கறுப்பு வயரும் 6 பின் போர்ட்டும் உள்ளதற்கு ஒன்றரை. பில் போடும் முன் கடை டேபிளிலேயே உங்கள் ஃபேன் அத்தனையும் மாட்டி, முழு வெள்ளையில் கால் மணி நேரம் எரியவிட்டு, சாட்டா சொருகியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை, விரல் வைக்க முடியாத சூடென்றால் அடுத்த ஹப்பை எடுக்கச் சொல்லுங்கள்.